"லினக்ஸில் ஒன்றுமே ஓடாது" என்பவர்களுக்கு



நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "டீச்சர் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

சில மாதங்களாக நம் பேட்ச் குழுக்களிலும் குடும்பக் குழுவிலும் மூன்று பேச்சுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒன்று: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுங்க." இரண்டு: "எதுக்குக் காசு? தெரிஞ்ச பையன் இருக்கான், கிராக் போட்டுத் தருவான்." மூன்று: "லினக்ஸா? அதுல ஒண்ணுமே ஓடாது, அதெல்லாம் புரோகிராமருக்கு."

முதலாவது வீண்செலவு, இரண்டாவது திருட்டு, மூன்றாவது விசாரிக்காமல் சொல்வது. விடையை மட்டும் எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நானும் படிப்படியாகவே எழுதுகிறேன்.

முதலில், பழைய லேப்டாப் விஷயம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு நின்றது. விரும்புகிறவர்களுக்கு இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு, அதற்குமேல் வீட்டுக் கணினிகளுக்கு இல்லை. இதன் பொருள் கணினி செத்துவிட்டது என்பதல்ல. பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார் என்பதுதான். அது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு பழுது என்றால் பூட்டை மாற்றுவோமா, வீட்டை இடிப்போமா?

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அதனால் 2016, 2017-இல் வாங்கிய லேப்டாப்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வரிசையிலிருந்து தள்ளப்படுகின்றன. அவற்றின் திரை கெடவில்லை, கீபோர்டு கெடவில்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லாத பையனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அதே லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் 22 தாராளமாக ஓடும். அது கேட்பது குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி, வட்டில் 20 ஜிபி இடம். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், ஒரு பைசா கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டீர்களானால் கடையில் புதிதாக வாங்கியது போலவே எழுந்து நிற்கும்.

இது யாருக்கு முக்கியம் என்று ஒரு கதை சொல்கிறேன். நம் 1998 பேட்ச் மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம். கணவர் இல்லை. வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள். மகள் பி.காம். முதலாம் ஆண்டு. வீட்டில் 2017-இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "இது இனிமே குப்பைம்மா, புதுசு தவணையில போட்டுக்கலாம்" என்றிருக்கிறார்கள். ஏற்கெனவே நகை அடகில். இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போடுமுன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். 2009 பேட்ச் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து எஸ்.எஸ்.டி. மாற்றி மிண்ட் போட்டுக் கொடுத்தான். அந்தப் பெண் இப்போது அதில்தான் அசைன்மென்ட் எழுதுகிறாள், ஸ்லைடு செய்கிறாள், ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள். டாலி மட்டும் கல்லூரி லேபில் பழகுகிறாள். அந்த ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கும் வருகிறேன். ஆனால் ஒரு குறைக்காக ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளலாமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது மூன்றாவது பேச்சுக்கு வருவோம். "ஒண்ணுமே ஓடாது."

சரி, உங்கள் வீட்டுக் கணினியில் நீங்கள் ஒரு நாளில் என்னதான் செய்கிறீர்கள்? நான் பட்டியல் போட்டுப் பார்த்தேன். நீங்களும் உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

இணையம் பார்ப்பது. பயர்பாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு. வங்கி, வருமான வரி, ரயில் டிக்கெட், யூடியூப் எல்லாம் பிரவுசரில் நடக்கிற காரியங்கள். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் தனிச் செயலி இல்லை, உண்மை. ஆனால் வாட்ஸ்அப் வெப் இருக்கிறது. மிண்டில் 'வெப் ஆப்ஸ்' என்று ஒரு கருவி உண்டு. எந்த இணையதளத்தையும் தனி ஐகானாக மெனுவில் வைத்துத் தரும். என் மெனுவில் வாட்ஸ்அப் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு, கூகுள் மீட் பிரவுசரில் ஓடும்.

கடிதம், கணக்கு, ஸ்லைடு. லிப்ரே ஆபீஸ். மிண்டில் முதல் நாளே அது இருக்கும். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து, நிறுவனத்துக்குச் சொந்தமில்லாமல் ஓர் அறக்கட்டளையின் கீழ் வளர்வது. "வேர்டு ஃபைலைத் திறந்தா எல்லாம் கலைஞ்சு போகுது டீச்சர்" என்பார்கள். ஏன் கலைகிறது தெரியுமா? பெரும்பாலும் எழுத்துரு இல்லாததால். காலிப்ரி, கேம்பிரியா இரண்டும் மைக்ரோசாஃப்டின் சொத்து. அவற்றுக்கு ஈடாக ஒவ்வோர் எழுத்தும் அதே அகலத்தில் இருக்கும்படி கார்லிட்டோ, கலாடியா என்று இரண்டு எழுத்துருக்கள் செய்திருக்கிறார்கள். அவற்றை நிறுவினால் பாதிக்கு மேற்பட்ட கலைசல் சரியாகிவிடும். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவை எப்படியும் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்பவேண்டும், அதற்கு மேலே ஒரு பொத்தானே இருக்கிறது. எக்ஸெல் மேக்ரோ நிறைய வைத்து அலுவலக வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இது போதாமல் போகலாம்.

"கம்பெனியில எக்ஸெல்தானே கேக்குறாங்க?" ஆமாம். ஆனால் கூட்டல் சூத்திரம், விலுக்அப், பிவட் டேபிள் எல்லாம் கால்க்கிலும் இருக்கின்றன. கருத்து புரிந்த பிள்ளைக்குப் பொத்தான் எந்த மூலையில் இருந்தால் என்ன? பித்தகோரஸ் தேற்றத்தைச் சிவப்பு மையில் படித்தவன் நீல மையில் வந்தால் எழுதமாட்டானா?

தமிழில் தட்டச்சு. இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதே இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் கிடைக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த நம் அத்தைமார்களுக்கு விரல் பழக்கம் மாறவேண்டியதில்லை. இந்தப் பதிவை நான் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் இரண்டின் மெனுக்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் விண்ணப்பம். இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். "போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள், சான்றிதழ் ஒரே பி.டி.எஃப். ஆக" என்று விண்ணப்பங்களில் கேட்பார்கள். உடனே நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கூகுளில் தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்தில் ஆதார் அட்டை, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், அப்பாவின் வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏற்றி "மெர்ஜ்" அடிக்கிறார்கள். அந்தத் தளம் யாருடையது, எந்த நாட்டில் இருக்கிறது, ஃபைலை அழித்தார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுத்து "கொஞ்சம் துடைச்சுத் தாங்க" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லினக்ஸில் பி.டி.எஃப். அரேஞ்சர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. பக்கங்களை இழுத்து வரிசை மாற்றலாம், சேர்க்கலாம், பிரிக்கலாம், திருப்பலாம். இணையமே தேவையில்லை. போட்டோ அளவைக் குறைக்க கிம்ப். படத்தைச் சிறிதாக்கி ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது தரத்தைக் குறைக்கக் குறைக்க எத்தனை கேபி வரும் என்று அங்கேயே காட்டும். பி.டி.எஃப்.பில் கையெழுத்துப் போடவோ, விடைத்தாள் திருத்துவது போல மேலே எழுதவோ ஜர்னல்++. ஸ்கேன் செய்ய 'டாக்குமென்ட் ஸ்கேனர்'. ஒரு பொத்தான்தான், பல பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரும். இந்த நான்கு கருவிகள் வீட்டில் இருந்தால் பிரவுசிங் சென்டர் வாசலில் பாதி நாள் நிற்கவேண்டாம், நம் ஆதார் ஊர் சுற்றவும் வேண்டாம்.

அச்சிட்ட தமிழை எழுத்தாக மாற்றுவது. டெசராக்ட் என்ற கருவி தமிழ் படிக்கும். எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பை வைத்தால் கட்டளை எதுவும் அடிக்கவேண்டாம். தெளிவாக ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் நன்றாகவே படிக்கும், பழைய மங்கிய அச்சில் பிழை வரும், திருத்தவேண்டும். ஆய்வு செய்யும் பிள்ளைகள் கவனியுங்கள்.

படம், பாட்டு, ஒலி. வி.எல்.சி. உங்கள் எல்லார் விண்டோஸிலும் இருக்கிறதே, அந்த ஆரஞ்சு நிறக் கூம்பு! அது பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் ஆரம்பித்த வேலை, 2001-இல் கட்டற்ற மென்பொருள் ஆனது. ஆக, "இலவச மென்பொருள் தரமாக இருக்காது" என்று சொல்லும் நீங்கள் தினமும் அதில்தான் படம் பார்க்கிறீர்கள். குரல் பதிவுக்கு அடாசிட்டி, திரைப்பதிவுக்கு ஓ.பி.எஸ்., வீடியோ வெட்டி ஒட்ட கேடென்லைவ், ஓவியத்துக்கு கிரிட்டா, லோகோவும் அழைப்பிதழும் வரைய இங்க்ஸ்கேப். முப்பரிமாண அனிமேஷனுக்கு பிளெண்டர். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' முழுக்க அந்த பிளெண்டரில் செய்த படம். லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்தது. ஆஸ்கருக்குப் போதுமான மென்பொருள் உங்கள் காதுகுத்து வீடியோவுக்குப் போதாதா?

புகைப்படங்கள். டிஜிகேம். முகம் பார்த்து ஆள் வாரியாகப் பிரித்துத் தரும், அதையும் உங்கள் கணினிக்குள்ளேயே செய்யும், படத்தை எங்கும் அனுப்பாது. மெமரி கார்டில் தவறுதலாக அழித்துவிட்டால் உடனே அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டு ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். மேலே புதிதாக எதுவும் பதிந்திருக்காவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடும். போனிலிருந்து கணினிக்குப் படம் மாற்ற கே.டி.இ. கனெக்ட். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், கேபிள் தேடவேண்டாம்.

புத்தகம். காலிபர். இந்தியாவில் பிறந்த கோவிட் கோயல் என்பவர் 2006-இல் தொடங்கியது. மின்னூல்களை அடுக்கி வைக்கும், ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்.

பிள்ளைகள் படிப்பு. இங்கே நான் பேசாமல் யார் பேசுவது? ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினால், கரும்பலகையில் நான் அரை மணி நேரம் கத்தியது அரை நிமிடத்தில் புரியும். ஸ்டெல்லேரியத்தில் நம் ஊரைக் குறித்தால் இன்று இரவு மொட்டை மாடியில் தெரியும் வானம் அப்படியே திரையில் வரும். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரையான குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரி. விளம்பரம் கிடையாது, "இன்னும் விளையாட 99 ரூபாய் கட்டு" கிடையாது. ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியப் பிள்ளைகளுக்கு ஓப்பன் போர்டு.

கடவுச்சொல். கீபாஸ் எக்ஸ்.சி. டைரியின் கடைசிப் பக்கத்தில் ஏ.டி.எம். பின் எழுதி வைத்திருக்கும் சித்தப்பா, உங்களைத்தான்.

பாதுகாப்பு நகல். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினியின் அமைப்பை நேற்றைய நிலைக்குத் திருப்பும். அப்டேட் ஏதாவது சொதப்பினால் கைகொடுக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அது வழக்கமாக உங்கள் சொந்தக் கோப்புகளை எடுத்து வைப்பதில்லை. அதற்குத் தனியாக மிண்டின் 'பேக்கப் டூல்' அல்லது டேஜா டூப் வைத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கவேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்வளவையும் எங்கிருந்து எடுப்பது? மெனுவில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து பெயரைத் தட்டினால் அநேகமாக எல்லாம் அங்கேயே வரும். போன் பிளே ஸ்டோர் மாதிரிதான். அப்டேட்டும் அப்படியே: கணினியின் அமைப்பு, அங்கிருந்து போட்ட மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடம்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் இரண்டாவது பேச்சுக்குப் போகிறேன். கிராக்.

கிராக் என்பது என்ன? பணம் கொடுத்து வாங்கவேண்டிய பொருளின் பூட்டை யாரோ உடைத்து, அதை முகம் தெரியாத ஓர் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறார். அவர் ஏன் உங்களுக்கு இந்த உபகாரம் செய்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று எழுதியிருக்கும். திருடன் வருமுன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம்.

நம் பழைய மாணவன் ஒருவன் டி.டி.பி. கடை வைத்திருக்கிறான். கிராக் போட்ட ஒரு மென்பொருளோடு வந்த வைரஸ் எல்லா ஃபைல்களையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பத்து வருட வேலை: வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், கோவில் கும்பாபிஷேக மலர், எல்லாம் போயிற்று. அவன் என்னிடம் சொன்னபோது திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் "கிராக் போட்டுக்கலாம் அத்தை" என்று குடும்பக் குழுவில் எழுதுகிறவர்களைத் திட்ட எனக்கு முழு உரிமை இருக்கிறது.

லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். ஆனால் மென்பொருளை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு எடுக்கும் பழக்கம் இருக்கும்போது, கிராக் தளம் தேடி அலையும் தேவையே இல்லாமல் போகிறது. அதுதான் பெரிய பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. பரீட்சையில் பிட் அடிக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நீங்கள். இப்போது உங்கள் பிள்ளைக்கு முதல் லேப்டாப் வாங்கிக் கொடுத்து, முதல் நாளே திருட்டு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்கு அது என்ன பாடம்? "நாலு பேர் செய்தால் தப்பில்லை" என்ற பாடம். அதை நான் எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

நேர்மையாக, ஓடாதவற்றையும் சொல்லவேண்டும். டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆட்டோகேட், ஃபோட்டோஷாப், கோரல்டிரா ஓடாது. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரரும் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் பெண்ணும் விண்டோஸிலேயே இருங்கள், காசு கொடுத்து வாங்கியதில் இருங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்கிறவர்களுக்குச் சில தளங்களில் தகராறு வரும். சில படிவங்கள் அடோபி ரீடரில்தான் திறக்கும். ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகள் ஓடாது (இதற்கு நான் வருத்தப்படவில்லை). புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே வேலை செய்யும், சில பழைய லேசர் பிரிண்டர்கள் அழவைக்கும். அதனால்தான் மாற்றுமுன் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிழைப்பு எதில் இருக்கிறதோ அதில் கை வைக்காதீர்கள். ஆனால் ஆடிட்டருக்கு டாலி வேண்டும் என்பதற்காக, பாட்டு கேட்கவும் பேரன் முகம் பார்க்கவும் மட்டும் கணினி வைத்திருக்கும் பெரியப்பா ஏன் புது லேப்டாப் வாங்கவேண்டும்?

இப்போது மறுபக்கத்துக்கும் ஒரு குட்டு. நம் லினக்ஸ் பிள்ளைகளே, ஐ.டி.யில் இருக்கிறவர்களே, உங்கள்மேல் எனக்கு விண்டோஸ்காரர்களைவிடக் கோபம் அதிகம்.

ஒரு அம்மா வந்து "தம்பி, என் பொண்ணு படிக்க எது போடலாம்?" என்று கேட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உபுண்டுவா ஃபெடோராவா ஆர்ச்சா என்று உங்களுக்குள் சண்டை போடுகிறீர்கள். கறுப்புத் திரையைத் திறந்து நாலு கட்டளை அடித்துப் பயமுறுத்துகிறீர்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியது உங்கள் சாமர்த்தியம் அல்ல, மகளின் அசைன்மென்ட் பிரிண்ட் ஆகவேண்டும், அவ்வளவுதான். சமையல் கேட்டவரிடம் அடுப்பின் வரலாறு சொல்லி அனுப்பினால், அவர் ஓட்டலுக்குத்தான் போவார்.

2011-இல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டம் நினைவிருக்கிறதா? அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் நம் சென்னையில் சிடாக் உருவாக்கியது, 2007-இல் வெளிவந்தது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! நான் பார்த்த அளவில், பல பிள்ளைகள் முதல் வாரமே கடையில் கொடுத்து "அந்த இன்னொண்ணை அழிச்சுடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டார்கள். காரணம், அதற்குள் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எதை வைத்து என்ன செய்யலாம் என்று யாரும் உட்கார வைத்துக் காட்டவில்லை. பக்கத்திலேயே கேரளத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான். அங்கே பாடப் புத்தகத்திலேயே கிம்ப்பும் லிப்ரே ஆபீஸும் ஜியோஜீப்ராவும் வருகின்றன. அங்கே ஓடுகிற லினக்ஸ் தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் நொண்டுமா? வித்தியாசம் சொல்லிக் கொடுத்ததில்தான் இருக்கிறது.

தமிழில் சொல்லித் தருகிறவர்கள் இல்லாமலும் இல்லை. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது, இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். "தமிழ்ல ஒண்ணும் இல்லையே" என்பவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, வீட்டுப்பாடம்.

ஒன்று. முதலில் உங்கள் படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டு. ஒரு 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மிண்ட்டை ஏற்றுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழியும், காலி பென் டிரைவாகப் பாருங்கள். லேப்டாப் பழசு என்றால் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக இருக்கும்.

மூன்று. கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து கிளப்புங்கள். நிறுவவேண்டாம், சும்மா ஓட்டிப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் சரியா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

நான்கு. மேலே நான் எழுதிய மாதிரி உங்கள் வீட்டு வேலைகளின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கருவியின் பெயரை எழுதுங்கள். எதிரே காலியாக இருக்கும் வரி ஒன்று இருந்து, அது இல்லாமல் முடியாது என்றால், மாறாதீர்கள். காலி வரியே இல்லை என்றால் புது லேப்டாப்புக்கு எடுத்து வைத்த காசை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடுங்கள்.

ஐந்து. இது ஐ.டி. பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு வீடு. உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், தவணைக்குக் கையெழுத்துப் போடப்போகும் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவிடுங்கள். போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவராதீர்கள். பி.டி.எஃப். சேர்ப்பது, தமிழ் அடிப்பது, நகல் எடுப்பது மூன்றையும் அவர்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டு வாருங்கள்.

"இவ்வளவு நல்லதுன்னா ஏன் காசு வாங்கல?" என்று என் கொழுந்தனார் கேட்டார். நல்ல கேள்வி. நீங்கள் படித்தபோது கூடுதல் வகுப்புக்கு நான் காசு வாங்கினேனா? அது மட்டமான வகுப்பாக இருந்ததா? உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்வதால் நடப்பது இது. சிலர் சம்பளத்துக்கும் சிலர் சும்மாவும் எழுதுகிறார்கள். முடிந்தவர்கள் நன்கொடை கொடுங்கள். முடியாதவர்கள் தமிழ் மெனுவில் ஒரு பிழையைக் கண்டால் திருத்தி அனுப்புங்கள், அதுவும் நன்கொடைதான்.

சந்தேகங்களைக் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், மீதியை 2009 பேட்ச் சொல்லும். எதிர்வாதம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் "ஒண்ணுமே ஓடாது" என்று மொட்டையாக எழுதாமல், எது ஓடவில்லை, எந்தக் கணினியில், என்ன செய்தபோது என்று படிகளோடு எழுதுங்கள். படி இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. அந்த விதி இன்னும் மாறவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்